நக்ஷத்திரங்களின் காந்த சக்தி

மார்கழி இரவில் வரிசையாக ஒளிரும் மூன்று நக்ஷத்திரங்களை நம் குடியானவர்களும் அறிவார்கள். அவற்றின் அருகே மங்கலாய்த் தோன்றும் ஓரியன் நெபுலாவின் நடுவே, சுமார் 1,300 ஒளியாண்டுக்கு அப்பால், தீட்டா-1 ஓரியானிஸ் ஸி என்னும் நக்ஷத்திரம் இருக்கிறது. சூரியனது மேற்பரப்பின் உஷ்ணம் ஏறக்குறைய 5,500 டிகிரி. இதனுடையதோ சுமார் 40,000 டிகிரி.

சூரியன் எக்ஸ் கிரணங்களை வெளியிடுவதற்குக் காந்த சக்தியே காரணம். கொதிநீர் போல் புரளும் அதன் மேற்படல வாயு அச்சக்தியை வளர்க்கிறது. மிகவும் வெப்பமான நக்ஷத்திரங்களின் மேற்படலத்தில் அத்தகைய புரளல் இல்லையென்றே சொல்லலாம். எனினும், 1978-ல் அமெரிக்கர் விண்ணில் ஏவிய ஐன்ஸ்டைன் ஆராய்ச்சிக்கூடம் அவற்றிடமும் எக்ஸ் கிரணங்களைக் கண்டது.

காரணம் யாது? இந்நக்ஷத்திரங்களின் உக்கிரமான ஒளியே வாயுவை வினாடிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வெளியே தள்ளுகிறது. அவ்வாயு தனக்குள் மோதிச் சூடேறுகிறது என்றனர். ஆனால் தீட்டா-1 ஓரியானிஸ் ஸியில் காணும் சுமார் 3 கோடி டிகிரி உஷ்ணத்திற்கு இவ்விளக்கம் போதவில்லை. அதன் கிரணங்கள் ஏறத்தாழ 15 நாட்களுக்கொரு முறை மிகுந்து குறைவதும் புதிராயிருந்தது.

1997-ல் பாபெல், மோன்மெர்ல் என்ற இருவர் ஒரு கணக்கை வெளியிட்டனர். காந்த சக்தியானது இரு துருவப் பக்கங்களினின்றும் வரும் வாயுவை வளைத்து, நடுவே எதிரெதிராக மோதவிடுகிறது என்பது அவர்கள் கொள்கை. அச்சக்தியையோ அதுகாறும் எவரும் அங்கு அளந்ததில்லை! 2002-ல் டோனாட்டியும் அவருடைய சகாக்களும் அதனை அளந்தனர். சுமார் 1,100 காஸ்; பூமியின் காந்த சக்தியைப்போல் ஏறக்குறைய இரண்டாயிரம் மடங்கு.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. தம் ஊகத்தையே ருஜுவென்று அவர்கள் முழங்கவில்லை. பொய்த்துப் போகக்கூடிய கணக்கை உலகத்தின் முன் வைத்து, அளவுகோலுக்குத் தலைவணங்கினர். மேடைதோறும் ஊகங்களை உண்மையென முழங்கும் நம் பொது ஊழியர்கள் இப்பண்பைக் கைக்கொள்வாராயின் தேசத்திற்கு நலமாகும்.

இந்நக்ஷத்திரத்தின் எக்ஸ் கிரணங்களைப் பகுத்தாராய்ந்த சந்திரா ஆராய்ச்சிக்கூடம், 1999-ல் அமெரிக்கர் ஏவியது. சென்னை ராஜதானிக் கல்லூரியில் பயின்று, 1983-ல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரை அது தாங்குகிறது. பெயரைக் கேட்டுப் பூரிக்கிறோம். ஆனால், அவரை ஒத்த அறிவாளிகள் கடல் கடக்காமலே ஆராய்ச்சி செய்ய, கருவிகளையும் தமிழில் சாஸ்திர நூல்களையும் நாம் தேடித் தராவிடில், அந்தப் பூரிப்பு வெறும் பூரிப்பே.