பீட்டர்லூ கைக்குட்டை

நெய்த துணி உடுத்துவதற்கே என்று எண்ணுகிறோம். மக்களின் கோரிக்கையை வீடுதோறும் கொண்டு செல்லும் விண்ணப்பமாகவும் அது விளங்கியதுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் அச்சிடப்பட்ட ஒரு கைக்குட்டையின் வரலாறு இதற்குச் சான்று. தறியில் அமரும் அங்கத்தினர்கள் இதனை அறிந்துகொள்ளுதல் நலம்.

மான்செஸ்டரைச் சூழ்ந்த ஊர்களில் அக்காலத்தில் கைத்தறி நெசவாளர் பல்லாயிரவர் வாழ்ந்தனர். 1815-இல் வாட்டர்லூ போர் முடிந்தபின் அவர்களது கூலி வீழ்ந்தது. தானியச் சட்டத்தால் ரொட்டியின் விலையோ குறையவில்லை. முறையிடலாமெனில், அத்துணைப் பெரிய மான்செஸ்டருக்குத் தனியாக ஒரு பாராளுமன்ற உறுப்பினரும் இல்லை. ஆகவே, 1819 ஆகஸ்டு 16-ஆம் நாள் செயின்ட் பீட்டர் திடலில் சுமார் 60,000 பேர் வாக்குரிமை கோரிக் கூடினர். மிடில்டன் ஊரார், சாமுவேல் பாம்ஃபோர்டு என்னும் நெசவாளரின் தலைமையில், பட்டுக் கொடிகள் ஏந்தி ஏறத்தாழ 6 மைல் நடந்து வந்தனர். ஹென்றி ஹன்ட் பேசத் தொடங்கியதும் குதிரைப்படை உருவிய வாளுடன் கூட்டத்தினுள் புகுந்தது. குறைந்தது 15 பேர் மாண்டனர். பல நூறு பேர் காயமுற்றனர். வாட்டர்லூவை நினைவூட்டும் வகையில் இக்கொடுமைக்குப் ‘பீட்டர்லூ’ என்று பெயரிட்டனர்.

அரசாங்கம் அவ்வாண்டின் இறுதியில் புதிய சட்டங்களை இயற்றிக் கூட்டங்களைத் தடுத்தது. மலிவான பத்திரிகைகளின்மீதும் முத்திரை வரி விதித்தது. ஆனால், அந்நிகழ்ச்சியின் படம் கைக்குட்டைகளில் அச்சாயிற்று, ஹன்டின் உருவம் பீங்கான் ஜாடிகளில் ஏறிற்று, பதக்கங்களும் வார்க்கப்பட்டன. குதிரையையும் வாளையும் கண்டு பொருளை உணர, எழுத்தறிவு வேண்டியதில்லை. பத்திரிகையைப் படித்தபின் எறிந்துவிடுவர். கைக்குட்டையும் ஜாடியும் வீட்டில் தங்கின. அன்று கோரிய இரகசிய வாக்கெடுப்பு 1872-இல்தான் சட்டமாயிற்று. இடையில் 53 ஆண்டுகள் கழிந்தன.

மிடில்டனுக்கு அண்மையிலுள்ள ராச்டேலில், 1844-இல், 28 பேர் கூடி ஒரு கடை திறந்தனர். அவர்களுள்ளும் நெசவாளர் இருந்தனர். பங்கு எவ்வளவாயினும் ஓர் அங்கத்தினருக்கு ஒரே வாக்கு என்பது அவர்கள் வகுத்த நெறி. பாராளுமன்றம் மறுத்த உரிமையைத் தங்கள் சங்கத்தில் தாங்களே அமைத்துக்கொண்டனர். மிடில்டன் ஊரார் ஏந்திய பச்சைப் பட்டுக் கொடி ஒன்று ராச்டேலின் அருங்காட்சியகச் சேகரிப்பில் உள்ளது. ‘ஒற்றுமையும் வலிமையும்’ என்று பொருள்படும் சொற்கள் அதில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட்டுள்ளன.

ஆய்வுக்குச் சென்ற ஒரு நெசவாளர் சங்கத்தில் பொதுச் சபைக் கூட்டம் கோரமின்றி ஒத்திவைக்கப்பட்டதைக் கண்டேன். கூலியைப் பற்றிய தீர்மானமே அன்று எடுத்துக்கொள்ளப்பட இருந்தது. அங்கத்தினரில் பெரும்பாலோர் அவ்வேளையில் தறியில் இருந்தனர். கூட்டத்திற்கு வந்தால் அரைநாள் கூலி போய்விடும் என்பதை நான் அறியாமலில்லை. எனினும், நாம் செல்லாத கூட்டத்தில் நம் கூலியைப் பிறரே முடிவு செய்வர். அடுத்த அறிவிப்பு வரும்பொழுது தறியைச் சற்று நிறுத்திவிட்டு வருமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.