உள்ளே நுழைந்ததும் எது திறக்கணும்? நம்மைக் கேட்கட்டும் கணிப்பொறி!

இன்று கணிப்பொறி நுழையாத துறையே இல்லை என்கிறோம். ஆனால் நம்மில் எத்தனை பேர் வீட்டில் கணிப்பொறி இருக்கிறது? எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். என்னைப் போன்றவர்களுக்கு லேப் பீரியட் மட்டும்தான் கதி. அந்த ஒரு மணி நேரத்தில் பழைய மெஷின் திறப்பதற்கே கால் மணி நேரம் எடுத்துக்கொண்டால் நஷ்டம் யாருக்கு? இதற்கு ஒரு வழி உண்டு. அதுதான் ரிமோட் டெஸ்க்டாப். அதிலும் ஒரு சின்ன வசதியைச் சேர்த்தால் பலன் பல மடங்கு.

ரிமோட் டெஸ்க்டாப் என்றால் என்ன?

பழனி ரயில் நிலையத்தில் முன்பதிவு கவுண்டரைப் பார்த்திருப்பீர்கள். கவுண்டரில் இருப்பவர் ஊரையும் தேதியையும் தட்டுகிறார், டிக்கெட் வருகிறது. ஆனால் எந்த சீட் காலி என்ற கணக்கு அந்த மேஜையில் இல்லை. அது தொலைவில் உள்ள பெரிய கணிப்பொறியில் இருக்கிறது. 1985-86-இல் தில்லியில் தொடங்கிய ஏற்பாடு இது. வேலை ஓரிடம், திரையும் கீபோர்டும் வேறிடம்.

ரிமோட் டெஸ்க்டாப்பும் அதே தத்துவம்தான். லேபில் ஒரே ஒரு நல்ல சர்வர். மற்றவை பழைய மெஷின்களாக இருந்தாலும் போதும். நாம் அழுத்தும் கீயும் மௌஸ் அசைவும் சர்வருக்குப் போகும்; சர்வரில் நடப்பது படமாக நம் திரைக்கு வரும். மைக்ரோசாஃப்ட் 1998-இல் என்.டி. 4.0 டெர்மினல் சர்வர் பதிப்பில் இதற்கான ஆர்.டி.பி. முறையைக் கொண்டுவந்தது. லினக்ஸில் இதே முறைக்கு எக்ஸ்-ஆர்.டி.பி. என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

சிக்கல் எங்கே?

லாகின் செய்தவுடன் எல்லோருக்கும் முழு டெஸ்க்டாப் வந்துவிடுகிறது. பின்னணிப் படம், பேனல், ஐகான், தேவையில்லாத பத்து புரோகிராம். சி புரோகிராம் அடிக்க வந்தவனுக்கு இதெல்லாம் எதுக்கு? கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: சர்வரில் 16 ஜி.பி. நினைவகம். முழு டெஸ்க்டாப்புக்கு ஆளுக்கு 1 ஜி.பி. என்றால் 16 பேருக்கு மேல் திணறும். எடிட்டர் மட்டும் திறந்தால் ஆளுக்குக் கால் ஜி.பி. என்றால் 64 பேர் உட்காரலாம்! அதே சர்வர், அதே செலவு.

அப்படியானால் எல்லோருக்கும் எடிட்டரை மட்டும் கொடுத்துவிடலாமா? அதுவும் சரியில்லை. எலக்ட்ரானிக்ஸ் மாணவருக்கு சுற்று வரைய கைகேட் வேணும், மெக்கானிக்கல் மாணவருக்கு வரைபடம் போட லிப்ரேகேட் வேணும், ரெக்கார்டு எழுத லிப்ரே ஆபீஸ் வேணும்.

நம் மலையடிவாரத்தை நினைத்துப் பாருங்கள். படிப்பாதை, யானைப்பாதை, விஞ்ச், ரோப் கார் என்று வழிகள் இருக்கின்றன. எதில் ஏறுவது என்று வருகிறவர்தான் முடிவு செய்கிறார். முழங்கால் வலிக்கிற பாட்டியையும் இளவட்டங்களையும் ஒரே வழியில் யாரும் தள்ளுவதில்லை. அதேபோல் லாகின் செய்தவுடன் “எது வேண்டும்?” என்று சர்வர் கேட்டால் என்ன?

எப்படிச் செய்வது?

பாஸ்வேர்டு சரியாக இருந்தால் எக்ஸ்-ஆர்.டி.பி. ஒரு சின்ன ஸ்கிரிப்டை ஓட்டுகிறது. அதில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் நம் செஷன். வழக்கமாக ‘டெஸ்க்டாப்பைத் தொடங்கு’ என்று இருக்கும். அந்த இடத்தில் நாம் செய்ய வேண்டியவை:

1. ‘ஜெனிட்டி’ என்ற சிறு மென்பொருளால் ஒரு பட்டியலைத் திரையில் காட்ட வேண்டும். பட்டியலைத் தமிழிலேயே எழுதலாம். தமிழ் எழுத்துரு சர்வரில் இருந்தால் போதும். பழைய மெஷினுக்கு வருவது வெறும் படம்தானே!

2. ஓபன்பாக்ஸ் போன்ற எடை குறைந்த விண்டோ மேனேஜரைப் பின்னணியில் ஓடவிட வேண்டும். இல்லையென்றால் விண்டோவுக்குத் தலைப்புப் பட்டையே இருக்காது, நகர்த்தவும் முடியாது.

3. தேர்ந்தெடுத்ததற்கு ஏற்ப அந்தப் புரோகிராமைத் தொடங்க வேண்டும். நாம் சி-யில் படிக்கிற ‘சுவிட்ச் கேஸ்’ மாதிரிதான், ஷெல் ஸ்கிரிப்டில் ‘கேஸ்’ என்றே பெயர்.

4. எதையும் தேர்வு செய்யாமல் கேன்சல் அழுத்தினால்? அதற்கும் ஒரு வரி எழுதி வைக்க வேண்டும்: முழு டெஸ்க்டாப்பா, இல்லை வெளியேறுவதா என்று.

ஸ்கிரிப்ட் முடிந்தால் செஷனும் முடியும். அதாவது எடிட்டரை மூடினால் தானாகவே லாக்-அவுட். அடுத்து உட்காருபவர் நம் ஃபைலைப் பார்க்க முடியாது.

சென்னை சி-டாக் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட போஸ் லினக்ஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது. தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்திலும் அது இடம்பெற்றது. டெபியனில் செய்கிற இந்த முறை அதிலும் ஏறக்குறைய அப்படியே பொருந்தும். விண்டோஸ் பக்கம் 2008 சர்வர் பதிப்பு முதல் ‘ரிமோட்ஆப்’ என்ற பெயரில் தனிப் புரோகிராமை மட்டும் அனுப்பும் வசதி உண்டு.

இரண்டு விஷயம் மறக்காதீங்க!

ஒன்று: விண்டோவின் மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் இணைப்புதான் துண்டிக்கப்படும், செஷன் சர்வரில் உயிரோடு இருக்கும். மறுபடி நுழைந்தால் பட்டியல் வராது, விட்ட இடமே வரும். கரண்ட் போகிற நேரத்தில் இது வரம், அடித்த புரோகிராம் பத்திரமாக இருக்கும் (சர்வருக்கு யு.பி.எஸ். இருந்தால்!). ஆனால் தினமும் இப்படியே விட்டுப் போனால் நினைவகம் நிரம்பி அடுத்த வகுப்பு திண்டாடும்.

இரண்டு: பட்டியல் என்பது பூட்டு அல்ல. ஜியானி போன்ற எடிட்டருக்குள்ளேயே டெர்மினல் இருக்கிறது. அதிலிருந்து வேறு புரோகிராமையும் தொடங்கிவிடலாம். தேர்வு நேரத்தில் இதை மட்டும் நம்பக்கூடாது. யாருக்கு எது அனுமதி என்பதைப் பயனர் கணக்கிலும் குழுவிலும்தான் கட்டுப்படுத்த வேண்டும்.

“பசங்க கையில் விட்டால் கண்டதையும் திறப்பாங்க” என்று சிலர் சொல்லலாம். பட்டியலில் எவை இருக்க வேண்டும் என்பதை லேப் பொறுப்பாளர் முடிவு செய்யட்டும். அதில் எது இன்று வேண்டும் என்பதை மாணவர் முடிவு செய்யட்டும். கணிப்பொறியை முதன்முதலாக லேபில்தான் தொடுகிறோம் என்பவர்களுக்கு, நூறு ஐகான் நிறைந்த திரை மிரட்டும். தமிழில் நாலே வரி, அதில் ஒன்று நமக்கானது என்றால் பயம் போய்விடும். கை தானாக மௌஸைத் தேடும்.

புது மெஷின் வரட்டும் என்று காத்திருந்தால் மூன்று வருடமும் ஓடிவிடும். ஒரு சர்வர், இருபது முப்பது வரி ஸ்கிரிப்ட், கொஞ்சம் பொறுமை. இவ்வளவுதான் வேணும். ஓரமாகத் துணி போர்த்திக் கிடக்கும் பழைய மெஷின்களை எழுப்புவோம் நண்பர்களே, நம் ஜூனியர்களாவது முழு ஒரு மணி நேரமும் படிக்கட்டும்!