இரும்பை எடுத்தால் மறதி நிற்குமா?

1991இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ரொறன்ரோ ஆய்வு ஒன்று வெளியானது. டொனால்ட் கிராப்பர் மக்லாக்லன் தலைமையில் நடந்த அந்த ஆய்வில் அல்சைமர் நோயாளிகள் 48 பேர் பங்கேற்றார்கள். 25 பேருக்கு டெஸ்பெரியொக்சமைன் என்ற மருந்தை நாளுக்கு இரண்டு தடவை, வாரத்தில் ஐந்து நாள், இரண்டு ஆண்டுகள் ஊசியாகப் போட்டார்கள். நோயாளிகள் அன்றாட வேலைகளை எப்படிச் செய்கிறார்கள் என்பதை வீட்டிலேயே வீடியோ எடுத்து அளந்தார்கள். மெச்சத்தக்க முறை அது. சிகிச்சை பெறாதவர்களின் திறன் இரண்டு மடங்கு வேகத்தில் சரிந்தது.

மக்லாக்லன் குறிவைத்தது இரும்பை அல்ல, அலுமினியத்தை. அல்சைமர் மூளையில் அலுமினியம் கூடியிருப்பதாக 1973இலேயே கிருஷ்ணன், டால்டன் இருவருடன் சேர்ந்து ‘சயன்ஸ்’ இதழில் எழுதியவர் அவர். ஆனால் அந்த மருந்தோ, தலசீமியா என்ற இரத்த நோயால் அடிக்கடி இரத்தம் ஏற்றப்படும் பிள்ளைகளின் உடலில் சேரும் இரும்பை வெளியேற்றக் கொடுப்பது. அப்படியானால் பயன் தந்தது இரும்பு குறைந்ததுதானோ?

கேள்வியில் நியாயம் இருந்தது. சக்தி உண்டாக்கவும், நரம்புகளுக்கு மயலின் உறை அமைக்கவும், டோபமைன் தயாரிக்கவும் மூளைக்கு இரும்பு வேண்டும். வயது ஏற ஏற மூளையின் சில பகுதிகளில் அது சேர்கிறது. அல்சைமர் நோயில் அமிலாய்டு புரதப் படிவுகளைச் சுற்றியும் இரும்பு காணப்படுகிறது. இரும்பைச் சேமிக்கும் ஃபெரிட்டின் புரதத்துக்குள் அடங்கியிருக்கும்வரை பெரிய தொல்லை இல்லை. கட்டு மீறிய இரும்பு செல் சவ்வின் கொழுப்பைச் சிதைத்துச் செல்லையே கொன்றுவிடும். இந்த வகைச் சாவுக்கு 2012இல் ஃபெரொப்டோசிஸ் என்று பெயரிட்டார்கள்.

இரும்பை அகற்றும் அடுத்த மருந்து டெஃபெரிப்ரோன். இதுவும் ரொறன்ரோவோடு தொடர்புடையதுதான். அங்குள்ள சிறுவர் மருத்துவமனையின் நான்சி ஒலிவியேரி தலசீமியாவுக்கு ஆராய்ந்ததும், அதன் ஆபத்தை நோயாளிகளுக்குச் சொல்லியே தீர வேண்டும் என்று 1996இல் மருந்து நிறுவனமான அப்போடெக்ஸை எதிர்த்து நின்றதும் இந்த மருந்து தொடர்பாகவே. மாத்திரையாக விழுங்கலாம், மூளைக்குள்ளும் புகும்.

அவுஸ்திரேலியாவில் அல்சைமரின் தொடக்க நிலையில் இருந்த 81 பேரிடம் இதைச் சோதித்தார்கள். முடிவு 2024இல் வெளிவந்தது. நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸில் இரும்பு குறைந்தது. அறிவாற்றலோ, போலி மாத்திரை எடுத்தவர்களைவிட வேகமாகச் சரிந்தது! பார்க்கின்சன் நோயாளிகள் 372 பேரிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்விலும் இதே மருந்தை எடுத்தவர்களின் நிலைதான் மோசமானது.

நம்பிக்கையைக் குலைத்தாலும் இவை மதிப்பு மிக்க முடிவுகள். இரும்பு நோயோடு சேர்ந்து கூடுகிறது என்பதால் அதை வாரி எடுப்பது வைத்தியம் ஆகிவிடாது. எந்த இடத்து இரும்பு கெடுக்கிறது, எது செல்லை வாழவைக்கிறது என்று பிரித்தறியும் மருந்து இன்னும் கையில் இல்லை.

ஆகவே ரொறன்ரோவின் ஸ்காபரோவிலோ பக்கத்து மார்க்கம் நகரிலோ இரத்தச்சோகைக்கு இரும்பு மாத்திரை எடுக்கும் அம்மாமார், அப்பாமார் யாரும் இதை வாசித்துவிட்டு அதை நிறுத்த வேண்டாம். இரத்தப் பரிசோதனையில் காணும் ஃபெரிட்டின் அளவு மூளையின் இரும்பைச் சொல்லாது. மறதி கூடுவதாகத் தெரிந்தால், வயதுதானே என்று விடாமல் குடும்ப வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். பி12 குறைபாடும் தைராய்டு கோளாறும்கூட மறதியாக வெளிப்படும். அவற்றுக்கு இன்றே சிகிச்சை உண்டு.