வண்டியில் இசையும் செவியின் கணக்கும்

ஹொண்டா நிறுவனம் 1980ஆம் ஆண்டு 'கோல்ட் விங் இன்டர்ஸ்டேட்' மோட்டார் சைக்கிளை முன்புறக் காற்றுத்தடுப்புடன் வெளியிட்டபோது, விரும்புவோர் வானொலியும் பூட்டிக்கொள்ள வழி செய்தது. நெடும்பயணத்துக்கு இசை இனிய துணையே. ஆயினும் காற்றின் இரைச்சலை வெல்லப் புதிய ஒலிபெருக்கி தேடுவோர் 3 தெசிபெல்லின் கணக்கை அறிதல் வேண்டும்.

கடையில் நாம் 'எத்தனை உவாற்று?' என்று வினவுகிறோம். வினவ வேண்டியதோ உணர்திறன். அது 3 தெசிபெல் மிகுந்திருப்பின், பாதி வலுவிலேயே அதே ஒலி கிடைக்கும். பற்றறியின் சுமையும் குறையும். 4 ஓமுக்கென அமைந்த அம்பிளிபயரில் 2 ஓம் ஒலிபெருக்கியைப் பூட்டலாகாது. அம்பிளிபயர் சூடேறிக் கெடக்கூடும். காகிதக் கூம்பு மழைக்கு ஆற்றாது. பொலிப்புரொப்பிலீன் கூம்பே நன்று.

பொருத்துகையில் விளிம்பைச் சுற்றி நுரைப்பட்டி இட்டு இடைவெளியை அடைத்தல் அவசியம். அன்றேல் பின்புறத்து ஒலியலை முன்புறத்து அலையோடு கலந்து தாழ்ந்த சுரங்களை மாய்த்துவிடும்.

இனிச் செவியின் கணக்கு. 85 தெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 தெசிபெல் ஏற்றத்துக்கும் அந்நேரம் பாதியாகும் என்பது அமெரிக்கத் தொழிற்சுகாதார வல்லுநர் வகுத்த விதி. நெடுஞ்சாலை வேகத்தில் தலைக்கவசத்தினுள் காற்றின் இரைச்சலே 90 தெசிபெல்லைக் கடந்துவிடும். ஆதலின் இசையை உயர்த்துமுன் காற்றுத்தடுப்பைச் சீர்செய்வோம். வண்டிக்குப் புது ஒலிபெருக்கி வாங்கலாம். புதுச் செவி எங்கே வாங்குவது?