மும்பை ரயில் பெட்டியில் ஒரு மொழி: இந்திய சைகை மொழியைக் கற்க விரும்புவோர் அறிய வேண்டியவை

மும்பை: மாலை நேர நெரிசலில் விரையும் புறநகர் மின்சார ரயிலில், மாற்றுத்திறனாளிகளுக்கென ஒதுக்கப்பட்ட சிறு பெட்டியில் சில வேளைகளில் ஒரு தனிக் காட்சியைக் காணலாம். பக்கத்துப் பெட்டிகளில் இரைச்சல் காதைப் பிளந்துகொண்டிருக்க, இங்கே ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் உரையாடிக்கொண்டிருப்பார்கள். குரல் கேட்காது. கைகளும் புருவங்களும் தோள்களும் பேசிக்கொண்டிருக்கும்.

இக்காட்சியை ஆய்வுப் பொருளாக்கியவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த மானுடவியல் ஆய்வாளர் அன்னலீஸ் கஸ்டர்ஸ். அவரும் காது கேளாதவரே. மும்பை ரயில்களில் காது கேளாதோர் கூடும் விதத்தைப் பற்றிய அவரது ஆய்வுக் கட்டுரை 2009ஆம் ஆண்டு வெளியானது. நண்பர் வரும் ரயிலுக்காகக் காத்திருப்பதும், பேச்சு முடியவில்லை என்பதற்காக இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிச் செல்வதும் அங்கே வழக்கம் என அவர் பதிவு செய்துள்ளார். வீட்டிலும் அலுவலகத்திலும் தம் மொழி அறிந்தவர் எவரும் இல்லாத பலருக்கு, நாளின் முதல் உரையாடலே ரயிலில்தான் தொடங்குகிறது.

இந்திய சைகை மொழியின் மீது ஆர்வம் கொள்ளும் பலரும் முதலில் இணையத்தில் சில சைகைகளைப் பார்த்துப் பழகுகின்றனர். தொடக்கத்திற்கு அது போதும். ஆனால் அதை மொழியாகக் கற்க வேண்டுமெனில், அதைப் பேசும் மக்களிடமே செல்ல வேண்டும்.

கைகாட்டல் வேறு, சைகை மொழி வேறு

கஸ்டர்ஸ் உருவாக்கி 2015இல் வெளியான 'இஷாரே' என்ற ஆவணப்படம், மும்பையின் சந்தைகளிலும் கடைகளிலும் காது கேளாதோர் ஆறு பேர் மற்றவர்களுடன் கைகாட்டல் வழியே எவ்வாறு பேசுகின்றனர் என்பதைக் காட்டுகிறது. பல மொழிகள் புழங்கும் இந்நகரில், காது கேட்பவர்களும் கைகாட்டிப் பேசப் பழகியவர்கள்தான். விலை கேட்கலாம், பேரம் பேசலாம், வழி விசாரிக்கலாம்.

எனினும் அரை கிலோ தக்காளி வாங்க உதவும் கைகாட்டலைக் கொண்டு, மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையின் பக்கவிளைவைப் பற்றிக் கேட்க முடியாது. அதற்கு மொழி வேண்டும். இந்திய சைகை மொழி அத்தகைய முழுமையான மொழி. அது இந்தியையோ ஆங்கிலத்தையோ கைகளால் எழுதிக் காட்டுவது அன்று. ஒவ்வொரு சைகையும் கையின் வடிவம், அது நிற்கும் இடம், அசையும் விதம் ஆகியவற்றால் பொருள் பெறுகிறது. புருவத்தை உயர்த்தித் தலையைச் சற்று முன்னே நீட்டினால், அதே வாக்கியம் 'ஆம், இல்லை' என்று விடை கோரும் வினாவாகிவிடும். முகபாவம் இங்கே அலங்காரம் அல்ல, இலக்கணம்.

சில சைகைகளில் இந்நாட்டு வாழ்க்கை தெரியும். ஆணைக் குறிக்க மீசை இருக்கும் இடம். பெண்ணைக் குறிக்க மூக்குத்தி அணியும் இடம். ஆங்கில எழுத்துகளைக் காட்ட இரு கைகளும் பயன்படுகின்றன. அமெரிக்க சைகை மொழியில் ஒரு கையே போதும். உலகம் முழுவதும் ஒரே சைகை மொழி என்ற எண்ணம் தவறு என்பதற்கு இதுவே சான்று.

தமிழர்களுக்கு இதில் ஒரு சிறு அனுகூலம் உண்டு. 'உன் வீடு எங்கே?' என்று நாம் வினாச்சொல்லைப் பின்னால் வைப்பது போலவே, இந்திய சைகை மொழியிலும் வினாச் சைகை வாக்கியத்தின் இறுதியில் வருகிறது. மேலும், ஒரே பொது வினாச் சைகையுடன் இடம், நேரம், முகம் ஆகியவற்றின் சைகைகளைச் சேர்த்து எங்கே, எப்போது, யார் என்ற வினாக்களை அமைக்கும் முறையை மொழியியலாளர் உல்ரிக்கே ஸெஷான் விளக்கியுள்ளார். எங்கே, எப்போது, எவர், எத்தனை எனத் தமிழில் 'எ' என்ற ஓரெழுத்து வினாக்களைப் பிறப்பிப்பதை அறிந்தவர்களுக்கு, இது அந்நியமாகத் தோன்றாது.

நான்கு நகரங்கள், ஒரு மொழி

சென்னையில் கற்ற சைகை மும்பையில் செல்லுமா? பெருமளவு செல்லும். 1970களின் இறுதியில் மதன் வசிஷ்டா, ஜேம்ஸ் வுட்வர்ட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் டெல்லி, கொல்கத்தா, மும்பை, பெங்களூரு ஆகிய நகரங்களின் சைகைகளை ஒப்பிட்டனர். சுமார் 75 சதவீதச் சைகைகள் ஒன்றோடொன்று தொடர்புடையவை எனக் கண்டு, இவை ஒரே மொழியின் வட்டார வழக்குகள் என்ற முடிவுக்கு வந்தனர். இமாச்சலப் பிரதேசத்தில் பிறந்த வசிஷ்டா, 11 வயதில் செவித்திறனை இழந்தவர்; பின்னர் அமெரிக்காவின் கல்லாடெட் கல்லூரியில் பயின்றவர்.

இம்மொழி வளர்ந்தது வகுப்பறையில் அல்ல என்பது வேதனைக்குரிய செய்தி. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, காது கேளாத மாணவர்களுக்குப் பேச்சு முறையே சிறந்தது எனத் தீர்மானித்துச் சைகையை ஒதுக்கியது. அதன் தாக்கம் இந்தியாவையும் எட்டியது. பல தலைமுறை மாணவர்கள் வகுப்பில் உதட்டசைவைப் பார்த்துவிட்டு, விடுதியிலும் விளையாட்டுத் திடலிலும் தங்களுக்குள் சைகை பேசினர். அம்முடிவுக்கு 2010இல் கனடாவின் வான்கூவர் நகரில் நடந்த மாநாட்டில் வருத்தம் தெரிவிக்கப்பட்டது. இடையில் 130 ஆண்டுகள் கடந்துவிட்டன.

தாராவி வீட்டில் ஒரு குழந்தை

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் செவித்திறன் குறைபாடு உடையோர் சுமார் 50.7 லட்சம் பேர். காது கேளாத குழந்தைகளில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றனர் என்கின்றன அமெரிக்க ஆய்வுகள். அதாவது, குழந்தையின் இயல்பான மொழியைப் பெற்றோரே புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது.

திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து தாராவியில் குடியேறிய குடும்பம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, அரசு அலுவலகத்தில் மராத்தி. மற்றக் குழந்தைகள் மூன்றையும் விளையாட்டாகவே பிடித்துக்கொள்வர். காது கேளாத குழந்தைக்கோ மூன்றும் எட்டுவதில்லை. மொழி வேரூன்றும் முதல் ஐந்து ஆண்டுகள் 'சோறு', 'வா', 'வேண்டாம்' என்னும் சில கைகாட்டல்களோடு கழிந்துவிட்டால், பின்னர் ஈடுசெய்வது மிகக் கடினம்.

சைகை கற்றால் குழந்தை பேசாமல் போய்விடும் என்ற அச்சம் பல பெற்றோரிடம் உள்ளது. இந்த அச்சத்துக்கு உறுதியான ஆதாரம் இல்லை. செவிப்புலக் கருவியோ காக்ளியர் அறுவை சிகிச்சையோ பெறும் குழந்தையும் சைகை கற்கலாம். ஒன்று மற்றொன்றுக்குத் தடையன்று.

எங்கே கற்பது?

பாந்த்ராவில் 1983 முதல் இயங்கிவரும் அலி யாவர் ஜங் தேசிய பேச்சு மற்றும் செவித்திறன் குறைபாடுடையோர் நிறுவனம் மும்பைவாசிகளுக்கு எட்டும் தொலைவில் உள்ளது. காது கேட்பவர்களுக்கான முறையான இந்திய சைகை மொழி வகுப்புகள் 2001இல் இங்குதான் தொடங்கப்பட்டன. தாராவியில் இருப்போர் மாஹிம் நிலையத்தில் ஏறினால் அடுத்த நிலையம் பாந்த்ரா. மாட்டுங்காவினர் கிங்ஸ் சர்க்கிளிலிருந்தும், செம்பூரிலிருந்து வருவோர் வடாலாவில் மாறியும் செல்லலாம்.

டெல்லியில் 2015இல் நிறுவப்பட்ட இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம், 10,000 சொற்கள் கொண்ட அகராதியை 2021இல் காணொளி வடிவில் வெளியிட்டது. 2022இல் 'சைன் லேர்ன்' என்ற செயலியும் வந்தது. மொழிபெயர்ப்பாளர் ஆக விரும்புவோருக்குத் தனிப் பட்டயப்படிப்பு உண்டு. தேவையும் பெரிது. காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி, 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளரின் துணையோடு வாதிட்டது நாடெங்கும் செய்தியானது. அது செய்தியாக வேண்டியிருந்தது என்பதே நிலைமையை உணர்த்தும்.

கற்கத் தொடங்குவோர் சொற்களுக்கு முன்பே சில பழக்கங்களை அறிந்துகொள்வது நல்லது. அழைக்க வேண்டுமெனில் தோளைத் தட்டலாம், கையை அசைக்கலாம், விளக்கை அணைத்து ஏற்றலாம். ஒருவர் பேசும்போது பார்வையை விலக்குவது, காதைப் பொத்திக்கொள்வதற்கு ஒப்பாகும். பாராட்ட இரு கைகளையும் உயர்த்தி விரல்களை அசைப்பர். 'நீ குண்டாகிவிட்டாய்' என்று நேரடியாகச் சொன்னால் மனம் சுணங்க வேண்டியதில்லை. 'ஊமை' என்ற சொல்லை மட்டும் விட்டுவிட வேண்டும். தமிழ்த் திரைப்படங்கள் வெகுகாலம் அச்சொல்லைப் பிடித்துக்கொண்டிருந்தன. காது கேளாத பெண்ணை நாயகியாகக் கொண்ட 2007ஆம் ஆண்டுப் படத்துக்கு 'மொழி' என்று இராதா மோகன் பெயர் சூட்டியது பொருத்தமே.

இச்சமூகத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர்ச் சைகை உண்டு. கன்னக்குழி, மூக்குக்கண்ணாடி, நெற்றித் தழும்பு, சிரிக்கும் விதம் என ஏதேனும் ஓர் அடையாளத்திலிருந்து அது பிறக்கும். புதிதாகக் கற்பவர் அதைத் தாமே வைத்துக்கொள்ள இயலாது. காது கேளாத நண்பர்கள் பழகிப் பார்த்த பின்னர், ஒருநாள் அவர்களாகவே சூட்டுவர்.