மின்னொளியில் மோட்டார்ப் பந்தயம்

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூரை எட்டுவதற்குச் சற்று முன்பாக, இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்பேட்டையின் மதிற்சுவர்களை அடுத்து, பந்தய நாட்களில் யந்திரங்களின் பேரொலி கிளம்பும் ஓர் இடம் இருக்கிறது. 1953-ல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்தில் இரண்டாம் உலக யுத்த காலத்து விமானத் தளம் ஒன்றிலே பல ஆண்டுகள் பந்தயம் நடத்திப் பழகி, பின்னர் தனக்கென்று ஒரு நிரந்தரமான களம் வேண்டும் என்று பிரயத்தனப்பட்டு, 1990-ல் இங்கே திறந்து வைத்த சுமார் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள பாதை அது. மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்பது அதன் இன்றைய பெயர். ஹூண்டாய் தொழிற்சாலை இவ்வூருக்கு வந்ததும், ஒரகடத்தில் ரெனோ–நிசானும் டெய்ம்லரும் ராயல் என்ஃபீல்டும் வரிசையாக எழுந்ததும் அதற்குப் பின்னர் நிகழ்ந்தவை. ஆகவே வண்டிகள் செய்யும் ஊர் என்ற கீர்த்தி இப்பிரதேசத்துக்கு ஏற்படுவதற்கு முன்பே வண்டிகள் பந்தயம் ஓடும் ஊர் என்ற கீர்த்தி ஏற்பட்டுவிட்டது என்று சொல்வதில் தவறில்லை.

இந்தக் களத்தில் பெரும்பாலான பந்தயங்களுக்கு விளக்காக இருந்து வந்தவர் சூரிய பகவான்தான். காலையில் தகுதிச் சுற்று, பிற்பகலில் பந்தயம், பொழுது சாய்வதற்குள் பரிசளிப்பு என்பதே வழக்கமான கிரமம். இரவில் மின்னொளியிலே பந்தயம் நடத்துவது என்ற விஷயம் நம் ஜனங்களின் பேச்சில் பரவலாக அடிபடத் தொடங்கியது, 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய இரு தினங்களில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றியுள்ள சாலைகளில் ஃபார்முலா 4 கார்கள் ஓடிய பிறகுதான். கிராமத்து இளைஞர் மன்றங்கள் சுவரொட்டி ஒட்டி அறிவிக்கும் மின்னொளிக் கபடியையும் கைப்பந்தையும் அறிந்த நமக்கு, மின்னொளிக் கார்ப் பந்தயமும் நாலு கம்பம் கூடுதலாக நட்டால் ஆகிவிடும் காரியம் என்று தோன்றக்கூடும். அது எவ்வளவு சிரமமான காரியம் என்பதையும், அந்தச் சிரமத்தில் விளக்குக் கம்பங்களின் பங்கு எவ்வளவு சொற்பம் என்பதையும் எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தீவுத்திடல் பந்தயத்தின் வரலாறே இதற்குத் தக்க சாட்சி. அது முதலில் 2023 டிசம்பரில் நடப்பதாக இருந்தது. மிக்ஜாம் புயல் வந்து சென்னையை வெள்ளக்காடாக்கியதால் ஒத்தி வைக்கப்பட்டது. மறு ஆண்டு, 19 திருப்பங்களோடு சுமார் 3.5 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாதை அமைந்து, முதல் நாள் ஓட்டத்துக்கு யாவும் சித்தமாக இருந்த வேளையில் மழை குறுக்கிட்டது. சர்வதேச மோட்டார் பந்தய சம்மேளனத்தின் சான்றிதழ் கைக்கு வந்த பின்னரே வண்டிகள் ஓடவேண்டும் என்பது உயர் நீதிமன்றத்தின் நிபந்தனையாதலால், அந்தச் சான்றிதழ் தாமதமாக வந்த அன்றைய தினம் பயிற்சி ஓட்டங்களோடு கழிந்து, பந்தயங்கள் மறுநாளுக்குச் சென்றன. மறுநாளோ ஒரு தெருநாய் பாதைக்குள் புகுந்துவிட, ஓட்டத்தைச் சிறிது நேரம் தாமதிக்க வேண்டியதாயிற்று. மழை, சான்றிதழ், நாய் ஆகிய மூன்றுமே பகலிலும் வரக்கூடிய இடையூறுகள்தாம். ஆயினும் இரவு என்ற ஒன்று கூடவே சேரும்போது ஒவ்வோர் இடையூறும் இருமடங்கு பலம் பெற்றுவிடுகிறது.

முதலில் ஒளியைப் பற்றியே சொல்லிவிடலாம். இரவில் கார் ஓட்டிப் பந்தயம் விடுவது புதிய வழக்கம் அன்று. பிரான்ஸ் தேசத்து லே மான் நகரில் 24 மணி நேரப் பந்தயம் 1923-லேயே தொடங்கிவிட்டது. ஆனால் அங்கே வண்டி தன் விளக்கைத் தானே சுமந்து செல்கிறது. ஃபார்முலா வகைக் கார்களுக்கு முன்விளக்கு கிடையாது. ஆகையால் அவை ஓடும் பாதை முழுவதையும், பந்தயம் முடியும் வரை, ஒரு முழத்துக்கேனும் இருள் தங்காமல் பிரகாசிக்கச் செய்ய வேண்டும். நம் பெரிய சாலைகளுக்கு விதிக்கப்பட்டுள்ள வெளிச்சம் சராசரி 30 லக்ஸ். உச்சிவேளை வெயிலோ 1 லட்சம் லக்ஸைத் தொடும். 2008 செப்டம்பர் 28-ல் ஃபார்முலா 1 வரலாற்றிலேயே முதன்முதலாக இரவுப் பந்தயம் நடத்திய சிங்கப்பூர், தன் பாதைக்கு ஏறக்குறைய 3,000 லக்ஸ் வெளிச்சம் கொடுத்தது. அதற்காகச் சுமார் 1,500 விளக்குகளை, தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில், 4 மீட்டருக்கு ஒன்றாகக் கட்டித் தொங்கவிட்டார்கள். அவற்றுக்கு ஓடிய கேபிளின் நீளம் மட்டும் 108 கிலோமீட்டர்.

இவ்வளவு நெருக்கமாக விளக்கு எதற்கு என்று கேட்டால், அதற்கு விடை வேகத்தில் இருக்கிறது. மணிக்கு 216 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு விநாடியில் 60 மீட்டரைக் கடக்கிறது. சாதாரணத் தெருவிளக்குகளைப் போல 30 மீட்டருக்கு ஒரு கம்பம் இருந்தால், ஓட்டுநரின் கண் ஒரு விநாடிக்குள் இரண்டு முறை வெளிச்சத்தில் புகுந்து இரண்டு முறை மங்கலில் விழும். பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தைச் சில மீட்டர் பிசகாமல் கணிக்க வேண்டிய கண்ணுக்கு அதைவிடப் பெரிய துன்பம் வேறில்லை. எனவே வெளிச்சம் மிகுதியாக இருப்பதைக் காட்டிலும் ஒரே சீராக இருப்பது முக்கியம். அது வரும் திசையும் அதே அளவுக்கு முக்கியம். விளக்கு எதிரே நின்று முகத்தில் அடிக்கக்கூடாது, பின்னால் நின்று பக்கக் கண்ணாடியில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்யவும் கூடாது. அமெரிக்காவில் சார்லட் நகரத்துப் பந்தயக் களத்துக்கு 1992-ல் விளக்குப் போட்டவர்கள், தாழ்வான விளக்குகளின் ஒளியைக் கண்ணாடிப் பலகைகளில் பிரதிபலிக்கச் செய்து பாதையின்மேல் விழும்படி அமைத்தார்கள் என்பது இத்துறையினர் இன்றும் வியந்து சொல்லும் செய்தி.

அடுத்தது மின்சாரம். விளையாட்டரங்குகளில் நெடுங்காலம் ஆட்சி செய்த மெட்டல் ஹாலைடு விளக்குக்கு ஒரு சுபாவம் உண்டு: மின்னழுத்தம் ஒரு கணம் தாழ்ந்து அது அணைந்துவிட்டால், உள்ளே இருக்கும் ஆவி குளிர்ந்து அழுத்தம் குறையும் வரை மீண்டும் பற்றாது. அதற்குப் பத்து நிமிஷமும் ஆகலாம். கைப்பந்தாட்டக்காரர்கள் அந்தப் பத்து நிமிஷம் தரையில் உட்கார்ந்து இளைப்பாறலாம். விநாடிக்கு 60 மீட்டர் வேகத்தில் திருப்பத்தை நோக்கி விரைந்துகொண்டிருப்பவனுக்கு அந்த முதல் அரை விநாடியே பிராணாபாயம். இதனாலேயே சிங்கப்பூரில் ஜெனரேட்டர்களை ஜோடி ஜோடியாக வைத்து, ஒன்று நின்றால் அதன் இணை பாரத்தை ஏற்கும்படி செய்தார்கள். அடுத்தடுத்த விளக்குகளை வெவ்வேறு இணைப்பில் கோத்துவிட்டால், ஓர் இணைப்பு போனாலும் பாதை மங்குமே தவிர இருண்டு போகாது. இப்போது பரவிவரும் எல்.இ.டி. விளக்குகள் அணைந்த கணமே மீண்டும் எரியக்கூடியவை, மின்செலவும் குறைவு என்பதால், இந்தக் கவலை ஓரளவு தணிந்திருக்கிறது.

வானம் மட்டும் எந்தப் பொறியாளருக்கும் கட்டுப்படுவதில்லை. ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் சென்னை, காஞ்சிபுரம் வட்டாரத்தில் பகலெல்லாம் புழுங்கி, மாலைக்கு மேல் இடியும் மின்னலுமாக மழை கொட்டுவது இப்பக்கத்து ஜனங்கள் யாவரும் அறிந்தது. அதாவது, பகல் வெயிலுக்கு அஞ்சி இரவுக்குத் தள்ளிய பந்தயம் நேரே மழையின் வேளையில் போய் விழுகிறது. ஈரமான தார்ப்பாதை விளக்கொளியைக் கண்ணாடிபோல் திருப்பி அடிக்கிறது. முன்னே போகும் கார்களின் டயர்கள் வாரியிறைக்கும் நீர்த்திவலைகள், பகலில் சாம்பல் நிறத்துப் புகைபோல் இருப்பவை, இரவில் அவ்வளவு விளக்கொளியையும் வாங்கிக்கொண்டு வெள்ளைச் சுவராக எழுகின்றன. 2009 ஏப்ரலில் கத்தார் தேசத்து லொசைல் களத்தில், மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் தலையாய பிரிவு தொடங்கவிருந்த சமயத்தில் மழை பெய்தபோது, பாலைவனத்தில் பெய்யும் அந்த அற்ப மழைக்கே பந்தயத்தை மறுநாளுக்கு ஒத்தி வைத்தார்கள். பகலாக இருந்திருந்தால் மழை டயரை மாட்டிக்கொண்டு புறப்பட்டிருப்பார்கள்.

மழை விட்டாலும் தொல்லை விடுவதில்லை. மழை நின்ற இரவில் ஈசல் கிளம்பும். செம்பரம்பாக்கம் ஏரியும் ஸ்ரீபெரும்புதூர் ஏரியும் அக்கம்பக்கத்து வயல்களும் சூழ்ந்த இந்தத் திசையில், 3,000 லக்ஸ் வெளிச்சம் போட்டு வைத்தால் எத்தனை ஈசலும் பூச்சியும் வந்து குழுமும் என்பதை, வீட்டுத் திண்ணையில் ஒரு குண்டுபல்பு எரியவிட்டவர்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. ஓட்டுநர் பகலில் அணியும் கருநிறக் கண்ணாடியை விட்டு, இரவில் நிறமற்ற கண்ணாடியைத் தலைக்கவசத்தில் மாட்டுகிறார். அதன்மீது மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப்பட்டிருக்கும். ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு சிறு காது நீட்டிக்கொண்டிருக்கும். பூச்சியும் எண்ணெயும் அடித்துப் பார்வை மங்கியவுடன், நேர்ப்பாதை வந்ததும் ஒரு கையைச் சக்கரத்திலிருந்து எடுத்து, அந்தக் காதைப் பற்றி மேல்தாளை உரித்தெறிந்துவிட்டு மறுபடி கையை வைக்கிறார். பகலில் ஒரு புள்ளியாகத் தெரியும் அழுக்கு இரவில் ஒளிபட்டு நட்சத்திரம்போல் விரிந்துவிடுவதால், இரவுப் பந்தயத்தில் இந்தத் தாள் வேகமாகச் செலவாகிவிடும். டயருக்கும் இரவு வேறு கணக்கு. வெயிலில் கொதித்த தார் குளிர்ந்துவிடுவதால் முதல் சில சுற்றுகளில் பிடிமானம் குறையும், பனி இறங்கினால் மேலும் குறையும்.

இத்தனையும் சொன்ன பிறகு, எல்லாவற்றிலும் பெரியது என்று நான் கருதும் சிரமத்துக்கு வருகிறேன். அது மார்ஷல்களைப் பற்றியது. ஒவ்வொரு திருப்பத்திலும் தடுப்புக்குப் பின்னால், ஆரஞ்சு நிற உடையில், கொடிகளைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு நிற்பவர்களே மார்ஷல்கள். அவர்களில் கூலிக்கு வருபவர்கள் அரிது. பொறியியல் கல்லூரி மாணவர்களும், வேலைக்குப் போகிறவர்களும், பந்தயத்தின்மீது கொண்ட பற்றினால் விடுமுறையைத் தியாகம் செய்து வந்து நிற்கிறார்கள். அபாயம் என்றால் மஞ்சள் கொடி, எண்ணெய் கொட்டியிருந்தால் மஞ்சளும் சிவப்புமான வரிக்கொடி, நிறுத்து என்றால் சிவப்புக் கொடி. பகலில் எண்ணெய் சிந்திய இடம் வெயிலில் பளபளத்துக் காட்டிக்கொடுத்துவிடும். இரவில் அது ஒரு நிழலைப்போலக் கிடக்கும். அருகில் உண்மையான நிழல்களும் பல கிடக்கும். உடைந்து விழுந்த கார்பன் துண்டும் கருநிறம், பாதையும் கருநிறம். இவற்றையெல்லாம் பிரித்தறிந்து, இரண்டு விநாடிக்குள் தீர்மானித்து, ரேடியோவில் சொல்லிக் கொடியை வீச வேண்டும். துணிக்கொடி இரவில் தெளிவாகத் தெரியாதாகையால், நிறம் மாறி எரியும் விளக்குப் பலகைகளை இப்போது நிறுத்துகிறார்கள். ஆனால் பலகையின் பொத்தானை அழுத்த வேண்டியதும் ஒரு மனிதக் கைதான். காலையிலிருந்து பாதையைச் சோதித்து, மதியம் பயிற்சி ஓட்டங்களைக் காத்து, இரவு பத்து மணிக்கும் அதே கூர்மையோடு நிற்கும்படி அந்தக் கண்களைக் கேட்பது நியாயமா? இரண்டு அணிகளாகப் பிரித்து முறை மாற்றினால்தான் நியாயம். அதற்கு வேண்டிய எண்ணிக்கையில் தேர்ந்தவர்கள் இருக்க வேண்டும்.

விபத்து நேர்ந்தால் காயமடைந்தவரைக் கொண்டுசெல்லும் வழியும் இரவில் வேறாகிறது. பகலில் உதவக்கூடிய ஹெலிகாப்டரை இருட்டில் எளிதாக நம்பியிருக்க முடியாது. சாலை வழியே போக வேண்டும். இருங்காட்டுக்கோட்டைக்கு அருகே தண்டலத்திலேயே ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருப்பது பெரிய சௌகரியம். ஆனால் ஷிப்ட் மாறும் நேரத்தில் ஒரகடத்திலிருந்தும் ஸ்ரீபெரும்புதூரிலிருந்தும் கம்பெனி பஸ்கள் சாரிசாரியாக நெடுஞ்சாலையில் ஏறுவதை அறிந்தவர்கள், ஆம்புலன்ஸ் போகும் நேரத்தையும் பந்தயம் முடியும் நேரத்தையும் அதற்கேற்ப முன்கூட்டியே வகுத்துவிடுவார்கள்.

இந்தச் சிரமங்களைக் கண்டு இரவுப் பந்தயமே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம் அன்று. சித்திரை வெயிலிலும் ஆவணிப் புழுக்கத்திலும் தீப்பிடிக்காத தடித்த உடையை அணிந்து, யந்திரத்தின் சூட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநருக்கு இரவு ஓர் அனுக்கிரகம். பகலெல்லாம் தொழிற்சாலையில் வேலை செய்துவிட்டு வருகிறவர்கள், தாங்கள் செய்யும் யந்திரங்களின் உறவுகள் ஓடுவதைக் குடும்பத்தோடு வந்து பார்ப்பதற்கும் இரவே தோது. ஆனால் இந்த வித்தை பழகிப் பழகியே கைவர வேண்டியது. நகரத்து நடுவே சில நாட்களுக்காகக் கம்பமும் வேலியும் கட்டி, பின் அவிழ்த்து, அருகிலுள்ள அரசு மருத்துவமனைகளின் நோயாளிகளுக்கு இரைச்சலால் துன்பம் வருமோ என்ற கவலை நீதிமன்றம் வரை செல்லும்படி நடத்தும் விழாவில் அது கைவராது. ஆண்டு முழுவதும் பந்தயம் நடக்கும் இருங்காட்டுக்கோட்டை போன்ற நிரந்தரக் களத்திலே, முதலில் சிறு மோட்டார் சைக்கிள்களையும் உள்நாட்டுக் கார்களையும் கொண்டு, மின்னொளி ஓட்டங்களை அடிக்கடி நடத்தி, மார்ஷல்களுக்கும் மருத்துவர்களுக்கும் மின்பணியாளர்களுக்கும் இரவைப் பழக்கப்படுத்த வேண்டும். அதற்குச் செலவிடும் பணத்தில் விளக்குக்கு ஒரு பங்கு என்றால் மனிதர்களின் பயிற்சிக்கும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும் என்று அரசையும், பந்தயம் நடத்துகிறவர்களையும், இந்தப் பிரதேசத்தில் வண்டி செய்து செழித்திருக்கும் கம்பெனிகளையும் கேட்டுக்கொள்கிறேன்.

மின்னொளிப் பந்தயம் பார்க்கப் போகும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. செல்போனில் படம் எடுங்கள். ஆனால் பிளாஷை அணைத்துவிட்டு எடுங்கள். குழந்தைகள் கையில் லேசர் விளக்கு இருந்தால் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சிறு பிள்ளைகளின் காதுக்குப் பஞ்சோ அடைப்பானோ கொண்டுபோங்கள்.