விறைப்பும் ஓர் ஊன்றுகோல்தான்!

என் பெரியம்மா பிள்ளைக்கு நடக்கும்போது முழங்கால்கள் உரசும். செருப்பு முனை மட்டும் தேய்ந்துபோகும். பெரியப்பாவுக்கும் இதே நடை. 'வம்சத்து நடை' என்று சிரித்தோம். பார்த்தால், அது பரம்பரை நரம்பு நோயாம்! மூளையின் செய்தியைக் கால்களுக்குக் கொண்டுபோகும் நரம்பு இழைகள் நலிந்து, தசைகள் விறைக்கின்றனவாம்.

'பேக்லோஃபென்' மாத்திரை சாப்பிட்டார். ஒரே தூக்கமாகத் தள்ளியது! இப்படிப்பட்டவர்களுக்கு, வயிற்றுத் தோலுக்கடியில் சிறு பம்ப் வைத்து, மெல்லிய குழாய் வழியாக முதுகுத்தண்டு நீரிலேயே மருந்தைச் செலுத்துகிறார்கள். 1984-ல் சிகாகோ டாக்டர் ரிச்சர்ட் பென் குழுவினர் இதன் பலனை வெளியிட்டார்கள். மாத்திரை அளவில் சுமார் நூறில் ஒரு பங்கே போதுமாம்.

"விறைப்பு போனால் ஓடலாமே?" என்றேன்.

"அவசரப்படாதீங்கம்மா! பலமில்லாத காலை அந்த விறைப்புதான் தாங்குது. ஒரேயடியாத் தளர்த்தினா கால் மடங்கிடும்" என்றார் டாக்டர். அதனால் முதலில் முதுகில் ஊசி போட்டு, நடக்கவைத்துப் பார்த்தார்கள். நடை இலகுவான பிறகே பம்ப். அளவையும் மெள்ள மெள்ளத்தான் ஏற்றினார்கள்.

நோய் தீரவில்லை; கால் பலமும் கூடவில்லை. தினசரி உடற்பயிற்சி வேண்டும். ஆனால் இப்போது பாதம் தரையை இழுப்பதில்லை.

சில மாதங்களுக்கு ஒருமுறை பம்பில் மருந்து நிரப்பவேண்டும். திடீரென்று நின்றால் காய்ச்சல், அரிப்பு, கடும் விறைப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அண்ணி அந்தத் தேதியைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறாள்.

தாய்மார்களே, குழந்தை நுனிக்காலில் விறைப்பாக நடந்தால், 'வம்சத்து நடை' என்று விட்டுவிடாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள்!